சி.ஐ.டி. அக்கா

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் மூன்றாம் நம்பர் லயத்துக்கு யார் வந்தாலும், சோப்பு விற்கிறவனாக இருந்தாலும் ஓட்டுக் கேட்கிறவனாக இருந்தாலும், முதலில் அந்த அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கி மோந்து பார்ப்பார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பார். பொருளைப் பார்த்ததைவிட முகத்தைப் பார்க்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும். எஸ்டேட்டில் அவருக்கு சி.ஐ.டி. அக்கா என்று பேர். காதுபடவே சொல்வார்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பேரை முதலில் வைத்தது யார் என்று மட்டும் லயத்தை விட்டுப் போகும்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே ஆஷா வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சித்திரபுரத்துக்கு மேலே, மேடும் சரிவுமாகக் கிடந்த நான்கு லயங்கள் என் பொறுப்பு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்து, ஊசி மாத்திரைக்கு ஞாபகப்படுத்துகிற வேலை. முதல் மாதமே பஞ்சாயத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. மாதவிலக்கு நாட்களில் பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்கிற கப். பெண்களைக் கூட்டி விளக்கிச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அங்கன்வாடியில் கூட்டம் போட்டோம். கீழேயிருந்து வந்த மலையாளி நர்ஸ் நன்றாகத்தான் பேசினார். காலையில் வைத்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்தால் போதும், பல வருஷம் வரும், எல்லாம் இலவசம் என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் ஒரு கப்பை எடுத்து மோந்தார். அமுக்கினார். ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இதை எதுக்குச் சும்மா தாரீங்க?" என்று கேட்டார்.

"சேச்சி, சர்க்கார் தருன்னதாணு. பேடிக்கண்டா" என்றார் நர்ஸ், பயப்பட வேண்டாம் என்று.

"பயமெல்லாம் இல்ல. சும்மா குடுத்தா ஏன்னு கேக்கணும்லா? சரி, இதக் கொதிக்க வைக்கணும்னு சொன்னீங்களே, எந்தச் சட்டியில? சோறு பொங்குற சட்டியிலயா?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னை விடவில்லை. "ஏ புள்ள, நீ இதப் போட்டிருக்கியா?"

"ஆமாக்கா" என்றேன். பொய்.

"அப்ப எப்படி மடிக்கணும், மடிச்சுக் காட்டு."

மடித்தேன். கப் விரலிலிருந்து வழுக்கித் துள்ளி, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பிள்ளைகளின் கஞ்சித் தட்டுகளில் விழுந்து சத்தம் போட்டது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "மூணு மாசம் நீ போடு. பெறவு வந்து சொல்லு. அதுவரைக்கும் பெட்டி இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்து போனார். அவருக்குப் பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த அம்மாளுக்கு என்னதான் வேண்டும்? என் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அதே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். குரலைத் தணித்துக்கொண்டு, "அவகிட்ட உன் தேதிய மட்டும் சொல்லிராத" என்றாள்.

"என்ன தேதி?"

"மாசத் தேதிதான். லயத்துல ஒவ்வொருத்திக்கும் என்னைக்கு வருது, எத்தன நாள் நிக்குதுன்னு அவளுக்கு அத்துபடி. எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எதுக்கு என்ற கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியிடம், "இந்தத் தடவ நாலு நாள் முந்திருச்சே?" என்று கேட்பார். கல்யாணமாகாத பிள்ளைகளிடம்கூடக் கேட்பார். அவர்கள் முகம் சிவந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதே கேள்வியைச் சாயங்காலம் அவளுடைய அம்மாவிடமும் கேட்பார், ரெண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று.

ஒருநாள் மத்தியானம், மூடுபனி இறங்கியிருந்த நேரம், லயத்துக்குப் பின்னால் இருக்கிற சில்வர் ஓக் மரங்களுக்கிடையே அவர் தனியாக மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். காலடியில் ஒரு சாக்கு. குழி வெட்டி எதையோ கொட்டி மூடிக்கொண்டிருந்தார். தீட்டுத் துணியை வைத்துச் செய்வினை செய்வார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் உதவவில்லை.

"யாரு அது?" என்று அக்கா திரும்பினார். ஓட முடியவில்லை. கிட்டே போனேன். குழியில் கிடந்தது பழைய பேடுகள். பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பேடுகள் இருக்கும்.

"கக்கூசுக்குப் பின்னால ஒரு டின்னு வச்சிருக்கேன். கம்பெனி வச்சதுன்னு நெனச்சு எல்லாரும் அதுல போடுதாளுக. நாய் இழுத்துட்டு வந்து வாசல்ல போட்டா இவளுகளுக்குத்தான் அசிங்கம்" என்றார்.

"சொல்லிட்டே செய்யலாமேக்கா? எதுக்கு ஒளிச்சு?"

"நான்தான் எடுக்கேன்னு தெரிஞ்சா போடுவாளுகளா? நீயே இப்ப எப்படி நடுங்கிக்கிட்டு நிக்க, பாரு."

அந்தத் தேதிகள் எதற்கு என்பதும் பிறகுதான் தெரிந்தது. பெண்கள் நிரை பிடித்து, அதாவது வரிசையாக நின்று, கொழுந்து எடுக்கும்போது, யாருக்காவது தாங்க முடியாத நாள் என்றால், அந்த நிரையில் இருக்கிற மற்றவர்கள் ஆளுக்கு ரெண்டு கைப்பிடி அவள் சாக்கில் போட்டுவிட வேண்டும். அவள் மேட்டில் ஏறாமல் கீழேயே மெதுவாக எடுத்துக்கொண்டிருப்பாள். எடை குறையாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது. ஏமாற்று நடந்தால் இந்த ஏற்பாடு நிற்காது என்று அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் எல்லோருடைய தேதியும் அவர் தலையில் இருந்தது. "போன மாசம் உனக்கு அமாவாசைக்குப் பெறகுதான வந்துச்சு?" என்று நிரை நடுவிலேயே கேட்டுவிடுவார். உதவி வாங்கியவர்கள்கூட அவரை முழு மனசோடு நேசித்தார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்று மாதம் நான் கப் வைத்துப் பழகினேன். முதல் மாதம் அழுதேன். இரண்டாம் மாதம் பரவாயில்லை. மூன்றாம் மாதம் மறந்தே போனேன். அக்காவிடம் போய் முதல் மாதம் அழுததையும் சேர்த்துச் சொன்னேன். நின்றேனா, ஓடினேனா, மலை ஏறினேனா, எந்தச் சட்டியில் கொதிக்க வைத்தேன் என்று அரைமணி நேரம் குடைந்தார். மறுவாரம் கூட்டத்தில், "இவ முதல்ல பொய் சொன்னா. இப்ப சொல்லுறது நெசம்" என்று என்னைக் கைகாட்டினார். பெட்டியில் பாதி அன்றைக்கே தீர்ந்தது. கப் கொதிக்க வைப்பதற்கென்று நாலு வீட்டுக்கு ஒரு பழைய அலுமினியக் கிண்ணம் ஒதுக்கினார்கள். அந்த யோசனையும் அக்காவுடையதுதான்.

"உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் முப்பத்தி நாலு வயசுலயே கர்ப்பப்பைய எடுத்தாச்சே" என்றார்.

மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் வைத்து அதையும் சொன்னார். ஐந்தாறு மாதமாக உதிரப்போக்கு நிற்காமல் இருந்திருக்கிறது. கீழே ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஜீப் வந்திருக்கிறது. இலவச கேம்ப் என்று இவரோடு சேர்த்து மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"மூணு பேருக்கும் கட்டின்னான். மூணு பேருக்கும் எலுமிச்சம்பழ சைசுன்னான். அது எப்படி மூணு பேருக்கும் ஒரே எலுமிச்சம்பழம்? மனசுல பட்டுச்சு. ஆனா கேக்கல. விட்டா புத்துநோயாயிரும்னான். மலையாளத்துல ஒரு பேப்பர நீட்டுனான். போட்டுட்டேன் கையெழுத்த. எடுத்த கட்டியக் கண்ணால காட்டல."

"கேட்டிருந்தா மட்டும் உண்மையச் சொல்லியிருப்பானாக்கா?"

"சொல்லியிருக்க மாட்டான். ஆனா நான் கேக்கல பாத்தியா, அதான் இன்னும் அறுக்குது."

அதற்குப் பிறகுதான் இந்தக் கெடுபிடி எல்லாம். மலையாளத்தில் எந்தப் பேப்பர் வந்தாலும் என்னைப் படிக்கச் சொல்வார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். "இன்னொரு வாய் கேக்கணும்" என்பது அவர் பேச்சு. எந்தப் பெண்ணும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, கூட ரெண்டு பேர் போக வேண்டும், டாக்டர் அறைக்குள்ளேயும் வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். டாக்டர்கள் எரிச்சல்படுவார்கள். அக்கா நகர மாட்டார்.

அப்படி அவர் கூடப் போனவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். அக்காவின் வயசுதான். பக்கத்து வீடு, ஒரே சுவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத பெண். இரண்டு மாதத்துக்குள் நாலு தடவை நிரையில் மற்றவர்களின் கைப்பிடி அவர் சாக்கில் விழுந்திருக்கிறது. நாலாவது தடவை அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "ஏ பேச்சி, பத்து நாளைக்கு முன்னாலதான உனக்கு வந்துச்சு?"

பேச்சியம்மாள் மற்றவர்கள் போட்ட கொழுந்தை அள்ளி அவரவர் சாக்கில் திருப்பிப் போட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டுக் கொடியில் துணிகள் கிடந்த கிடப்பைப் பார்த்திருக்கிறார் அக்கா. உதிரப்போக்கு நிற்காமல் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்று பேருமாகக் கீழே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சின்னப் பெண். பரிசோதித்துவிட்டு மலையாளத்தில் வேகமாகப் பேசினார். கர்ப்பப்பை வாயில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கலாம், தாமதிக்க வேண்டாம் என்றார். ஒரு பேப்பரை நீட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "கட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்பதுபோல டாக்டர் தலையசைத்தார். "எடுக்கணுமா?" அதற்கும் தலையசைத்தார். அக்கா பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பேச்சியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். "எந்திரி."

"டெஸ்டுக்கு மட்டுமாவது குடுத்துட்டுப் போகலாமேக்கா" என்றேன்.

"நீ சும்மா இரி. இன்னொரு வாய் கேப்போம்."

நான் சும்மா இருந்தேன். சும்மா இருக்கக் கூடாத வேலையில் இருந்துகொண்டு சும்மா இருந்தேன். அக்கா சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேனா, அக்காவை எதிர்த்துப் பேசப் பயந்தேனா என்று இப்போது கேட்டால், பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு டாக்டரிடம் போக வேண்டும் என்றுதான் அக்காவும் நினைத்தார். அந்த வாரமே மழை பிடித்தது. மண் சரிந்து ரோடு அடைந்தது. ரோடு திறந்தபோது பேச்சியம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. அதற்குள் உதிரப்போக்கும் தானாக நின்றிருந்தது. "பாத்தியா, நின்னுருச்சு. அன்னைக்கே அறுத்திருப்பாளுக" என்றார் அக்கா என்னிடம். நாலு மாதம் போனது. ஒரு காலையில் பேச்சியம்மாள் நிரையிலேயே மயங்கி விழுந்தார்.

அப்போது கேட்ட இன்னொரு வாயும் முதல் வாய் சொன்னதையேதான் சொன்னது. டெஸ்டில் புத்துநோய் என்றும் வந்தது. "நாலு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா" என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வெறும் ஆபரேஷனோடு தீர்கிற கட்டம் தாண்டியிருந்தது. கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கதிர்வீச்சு வைத்தார்கள். பேச்சியம்மாள் பிழைத்து வந்தார், பாதி உடம்பாக. இனி மலை ஏற முடியாது. வேலையை மருமகளுக்கு மாற்றிக் கொடுத்ததால், வேலையோடு போயிருக்க வேண்டிய லயத்து வீடு மிஞ்சியது.

அக்கா தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுபோய் வாசலில் வைப்பார். மூடி திறக்காமலே பாத்திரம் திரும்பி வரும். ஒருநாள் பேச்சியம்மாள் கதவைத் திறந்து, "இனி எனக்கு எதுக்கும் நீ வராத" என்றார். அதோடு சரி.

அதற்குப் பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டார். கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்தார். யாராவது பேப்பரைக் கொண்டுவந்தால், "என்கிட்ட கேக்காத" என்றார். ஒரு தடவை நான் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் மோந்துகூடப் பார்க்காமல் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

ஒரு வருஷம் போயிருக்கும். கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள், நல்ல தமிழ். பெண்கள் நோய்க்கு இலவசப் பரிசோதனை, அங்கேயே சிகிச்சை என்றார். ஏழு பெண்கள் பேர் கொடுத்துவிட்டார்கள். அதில் திலகம் என்ற பெண்ணுக்கு இருபத்தொன்பது வயதுதான். நான் எங்கள் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு கேம்ப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். பெண்களிடம் சொன்னேன்.

"பேச்சியக்காவுக்கும் இப்படித்தான் சந்தேகப்பட்டு நிறுத்துனீங்க" என்றாள் திலகம். "எங்களுக்கும் அப்படி ஆகணுமா?"

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வரல புள்ள. என் வாயவே நான் நம்பல இப்ப. ஒரு தடவ நம்புனதுல என் உடம்பு போச்சு. ஒரு தடவ நம்பாததுல அவ உடம்பு போச்சு. இனி நான் என்னத்தச் சொல்ல?"

"ஏய்" என்று வாசலில் ஒரு குரல். பேச்சியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த டாக்டரச் சந்தேகப்பட்டதுக்கு நான் கோவப்படல. நானுந்தான் பட்டேன். சந்தேகப்பட்டுட்டு நாலு மாசம் உக்காந்திருந்தியே, அதுக்குத்தான் கோவம். மறுநாளே என்னை இன்னொரு எடத்துக்கு இழுத்துட்டுப் போயிருக்கணும்லா? மண்ணு சரிஞ்சா நடந்து போயிருக்கணும்லா?"

அக்கா தலையைத் தூக்கவில்லை.

"எந்திரி. ஜீப்பு கெளம்பிரும்."

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

ஜீப் பக்கத்தில் போனதும் முதலில் அந்த ஆள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்தார். அவரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தார். "டாக்டர் பேரு என்ன? ஸ்கேன் எடுத்தா படத்த எங்க கையில குடுப்பீங்களா? எதையாவது எடுத்தா, எடுத்ததக் கண்ணுல காட்டுவீங்களா?"

"அம்மா, எல்லாத்துக்கும் நம்பிக்கைதான் முக்கியம்" என்றார் அவர்.

"சரி, நம்புதேன். நாங்களும் வாரோம்."

"நாங்கன்னா?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு துணை. உள்ளயும் வருவோம். அதான் இங்க வழக்கம்."

பதில் வருவதற்குள் பேச்சியம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். மடியில் மடியாக, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கலாக. இடமில்லை என்றார் டிரைவர். ரெண்டு நடையாக வருகிறோம் என்றார் அக்கா. அட்டைக்காரர் சற்றுத் தள்ளிப்போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, இன்றைக்கு டாக்டர் லீவாம், வேறொரு நாள் வருகிறோம் என்றார். எல்லோரும் இறங்கினார்கள். அந்த ஜீப் பிறகு வரவே இல்லை. அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. உண்மையிலேயே டாக்டர் லீவாகவும் இருந்திருக்கலாம்.

கைதட்டப் போனவர்களை அக்கா அதட்டினார். "இதோட வீட்டுக்குப் போயிரலாம்னு பாக்காதீங்க. ஏழு பேருக்கும் வலி இருக்குல்லா? சந்தேகம்னு வந்தா பத்து நாள். பத்து நாளைக்குள்ள ரெண்டு டாக்டரக் கேட்டு முடிச்சிரணும். ரெண்டும் ஒண்ணு சொன்னா, என் பேச்சக் கேக்காதீங்க."

பத்து நாளில் ஏழு பேரையும் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டினோம். ஆறு பேருக்கு மாத்திரையோடு போயிற்று. திலகத்துக்கு மட்டும் நிஜமாகவே கட்டி. இரண்டாவது டாக்டரும் அதையே சொன்னார். கட்டியை மட்டும் எடுத்தார்கள், கர்ப்பப்பையைத் தொடவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் காட்டியே ஆக வேண்டும் என்று அக்கா வாசலில் நின்றார். ஒரு நர்ஸ் தட்டில் கொண்டுவந்து காட்டினார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸில் வரும்போது, "நெல்லிக்கா சைசுதான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பேச்சியம்மாள் அதற்காகச் சமாதானமாகிவிடவில்லை. கோட்டயம் செக்கப்புக்கு அக்காவும் வருவார். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார பேச்சியம்மாள் இடம் விட்டதில்லை. அக்கா ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, அவர் தலை சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். சில வருஷம் கழித்து, ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போடியில் மகன் வீட்டுக்குப் போனார். அன்றைக்கும் பேச்சியம்மாள் கதவைத் திறக்கவில்லை. அது ஆயிற்று மூன்று வருஷம்.

போன மாதம் செக்கப்புக்கு நானும் பேச்சியம்மாளும்தான் போனோம். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நல்லாருக்காம்க்கா. சுத்தமா இருக்காம்."

"யாரு சொன்னா? பழைய டாக்டரா, புதுசா?"

"பழைய டாக்டர்தான்."

"நீ நேர்ல கேட்டியா? போன அவகிட்ட குடு."

நீட்டினேன். பேச்சியம்மாள் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பேசியது பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"ம்... சாப்பிடுதேன்... இல்ல, வலி இல்ல... அதான் இல்லன்னு சொல்லுதேனே." பிறகு போனை என்னிடம் தந்தார்.

"என்னவாம் மதினி?"

"நம்ப மாட்டேங்கா. நேர்ல வந்து பாத்தாத்தான் நம்புவாளாம். ஞாயித்துக்கெழம காலையில பஸ்ஸுக்கு வாராளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பேச்சியம்மாள் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த கருவாட்டுக் கடைக்குப் போனார். நான் பின்னால் போவதற்குள் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரைக் கிலோ நெத்திலி குடுங்க. சின்னதாப் பாத்துப் போடுங்க. அவளுக்கு இப்பப் பல்லு சரியில்ல."